மாற்றி எழுதியவரின் பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வெளிவந்த பியானோ கச்சேரி விமர்சனத்தை ஒட்டி இக்கடிதத்தை எழுதுகிறேன். மேற்கத்திய செவ்விசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்குவது அபூர்வம். அதை ஒதுக்கியதற்கும், வாசித்தவரின் திறமையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் உள்ளபடி எழுதியதற்கும் முதலில் நன்றி. அந்தக் கச்சேரிக்கு நானும் சென்றிருந்தேன். விமர்சகரின் ரசனையோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. என் குறை வேறு.

அன்று வாசிக்கப்பட்டவை நான்கு: டி மைனர் சுருதியில் அமைந்த டொக்காட்டாவும் (விரல்களின் சுதந்திர ஓட்டத்துக்கான வகை) ஃபியூகும் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் வகை), டி மைனர் ஷாகோன் (திரும்பத் திரும்ப வரும் ஓர் அடித்தளத்தின் மேல் மாறுபாடுகளாக வளரும் வகை), ரவேலின் டொக்காட்டா, கடைசியாக 'லா காம்பனெல்லா' ('சிறுமணி'). இவற்றில் ரவேலுடையது ஒன்றுதான் முதலிலிருந்தே பியானோவுக்கென்று எழுதப்பட்டது. முதலாவது ஆர்கனுக்குரியது. இரண்டாவது, பக்கவாத்தியம் ஏதுமில்லாத தனி வயலினுக்குரியது. கடைசி உருப்படி, பகனினியின் இரண்டாவது வயலின் கான்செர்ட்டோவின் இறுதிப் பகுதியை எடுத்துக்கொண்டு லிஸ்ட் பியானோவுக்கு ஆக்கியது. ஆனால் கச்சேரிக்கு முன் தாங்கள் வெளியிட்ட அறிவிப்பிலும், பின்னர் வந்த விமர்சனத்திலும், 'பாக், பாக், ரவேல், பகனினி' என்று நான்கே பெயர்கள் இருந்தன. முதல் இரண்டையும் பியானோவுக்கு மாற்றி எழுதிய ஃபெருச்சியோ புசோனியின் பெயர் எங்கும் இல்லை. லிஸ்டின் பெயரும் இல்லை.

இது வெறும் அச்சுக் குறை என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பெயர் விடுபட்டதால் விமர்சனத்தின் கருத்தே தடம் மாறியிருக்கிறது. ஷாகோனைப் பற்றி எழுதும்போது, பியானோவின் அடிமட்டச் சுரங்களில் பாக் கோபுரம் எழுப்பியிருக்கிறார் என்று விமர்சகர் வியக்கிறார். வயலினின் மிகத் தாழ்ந்த சுரம், பியானோவின் நடுப்பகுதியை அடுத்து இடப்பக்கத்தில் இருக்கும் ஜி. அதற்குக் கீழே அன்று அரங்கில் கேட்ட ஒவ்வொரு சுரமும் புசோனி முடிவு செய்து வைத்தது. கோபுரத்தை வியக்கலாம், தவறில்லை. கட்டியவர் யார் என்பதைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டோம்.

ஷாகோனைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாக் 1720ஆம் ஆண்டிட்டுத் தம் கைப்பட எழுதிய தனி வயலின் தொகுப்பில், இரண்டாவது பார்ட்டிடாவின் (நடன வடிவங்களின் தொகுப்பு) கடைசி உறுப்பு இது. 250க்கும் மேற்பட்ட தாளக் கட்டங்கள் கொண்டது. முன்னால் வரும் நான்கு நடனங்களும் சேர்ந்து எவ்வளவு நேரம் பிடிக்குமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் இது ஒன்றே பிடிக்கும். தொடக்கத்திலேயே மூன்று தந்திகளிலும் நான்கு தந்திகளிலும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக்கோவைகள் வருகின்றன. ஆனால் வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை வளைந்தது, வில்லோ நேரானது. நான்கு தந்திகளையும் ஒரே நொடியில் தொட்டு நிறுத்திப் பிடிக்க அந்த வில்லால் முடியாது. ஆகவே வாசிப்பவர் கீழ்த் தந்திகளில் தொடங்கி மேல் தந்திகளுக்கு வில்லைச் சாய்த்து உருட்டுகிறார். கீழ்ச்சுரம் ஒலித்து மறைந்த பின்னும் அது நிற்பதாகவே நம் காது நினைத்துக்கொள்கிறது. இந்த நினைப்பின் மீதுதான் படைப்பு முழுவதும் நிற்கிறது என்பது என் எண்ணம். நடுவில் ஒரு நீண்ட பகுதியில் பாக் சுரக்கோவைகளை மட்டும் எழுதி, 'ஆர்பெஜ்ஜியோ' என்று ஒரு சொல்லைக் குறித்து, அவற்றை எப்படிப் பிரித்து ஓட விடுவது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறார்.

இதைப் பியானோவில் வைத்தால் சிக்கல் தலைகீழாகிறது. பத்து விரல்களுக்கு நான்கு சுரம் ஒரு பொருட்டே அல்ல. பியானோவின் கால்மிதியை அழுத்தினால் கீழ்ச்சுரம் உண்மையாகவே நிற்கும். வயலினில் மூச்சு முட்ட எட்டிப் பிடிக்க வேண்டியது பியானோவில் கை வைத்தவுடன் கிடைத்துவிடுகிறது. அப்படியே வாசித்தால் சுரங்கள் எல்லாம் இருக்கும், ஷாகோன் இருக்காது.

புசோனி 1890களில் இதற்குக் கண்ட வழி, பெருக்கிக் காட்டுவது. சுரங்களை எட்டு எட்டாக (ஒவ்வொன்றையும் அடுத்த ஸ்தாயியிலும் சேர்த்து) இரட்டித்தார், பியானோவின் இரு முனைகளையும் பயன்படுத்தினார், வயலினில் கற்பனையாக மட்டுமே இருந்த கீழ்க்குரலை வாய்விட்டுப் பாட வைத்தார். டி மேஜருக்குத் திரும்பும் இடத்தில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகளைப் போல வாசிக்க வேண்டும் என்று குறிப்பே எழுதி வைத்தார். அவர் காதில் ஒலித்தது ஒரு வயலின் அல்ல. ஆர்கனும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒலித்திருக்க வேண்டும். அதில் ஓர் ஆடம்பரம் உண்டு. சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அந்த டிராம்போன் பகுதி பிடிக்கும், அதற்குப் பிந்தைய பக்கங்களில் சற்று இரைச்சல் அதிகம் என்று தோன்றும்.

பிராம்ஸ் 1877இல் கண்ட வழியோ இதற்கு நேர் எதிரானது. அவர் ஷாகோனை இடது கைக்கு மட்டும் எழுதினார். அதைப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமானுக்கு அனுப்பியபோது எழுதிய கடிதம் இசை உலகில் நன்கு அறியப்பட்டது. ஒரே ஒரு வரிசைக் கோட்டில், ஒரு சிறிய வாத்தியத்துக்காக, ஆழ்ந்த சிந்தனைகளும் வலிய உணர்ச்சிகளும் நிறைந்த ஓர் உலகத்தையே இந்த மனிதர் எழுதிவிடுகிறார் என்று அதில் பாக்கைப் பற்றி வியக்கிறார். தொடர்ந்து, இடது கையால் மட்டும் வாசிக்கும்போதுதான் அந்த இன்பத்தை ஓரளவேனும் தம்மால் அடைய முடிகிறது என்றும், ஒத்த சிரமமும் ஒத்த கைவேலையும் சேர்ந்து தம்மை ஒரு வயலின் கலைஞராக உணர வைக்கின்றன என்றும் சொல்கிறார். கிளாராவுக்கு அந்தச் சமயத்தில் வலது கையில் தசைநார் பிடிப்பு ஏற்பட்டிருந்ததால், அந்தப் பிரதி வேளை பார்த்து வந்து சேர்ந்தது. பிராம்ஸ் பாக்கின் சுரங்களைப் பெரும்பாலும் ஓர் எட்டு கீழே இறக்கி, ஏறக்குறைய அப்படியே வைத்தார். ஐந்து விரல்களால் நான்கு சுரங்களைத் தொட வேண்டுமானால் கை உருண்டுதான் ஆக வேண்டும். மேல்குரலைப் பெருவிரல் ஒன்றே சுமக்க வேண்டும். வில் செய்த வேலையை இப்போது மணிக்கட்டு செய்கிறது. கூட்டுவதற்குப் பதிலாக, பியானோ கலைஞரிடமிருந்து ஒரு கையைப் பறித்து, பாக் வைத்த தட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தார் பிராம்ஸ்.

ஒரே ஷாகோன், இரண்டு பியானோ வடிவங்கள். கேட்பவர் காதுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே இரா. அறிவிப்பில் 'பாக்: ஷாகோன்' என்று மட்டும் போட்டால், எதைக் கேட்கப் போகிறோம் என்பது வாசகருக்குத் தெரியவே தெரியாது. வேறு வடிவங்களும் உண்டு: வயலின் பகுதியைத் தொடாமல், பக்கத்தில் பியானோ துணையை மட்டும் சேர்த்து எழுதியவர்கள் மெண்டல்சனும் ஷூமானும். இன்று அவற்றை வாசிப்பார் அரிது.

மூலத்தைத் தொடுவதே பாவம் என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. தங்கள் விமர்சனத்தின் கடைசிப் பத்தியிலும் அந்தத் தொனி லேசாக இருக்கிறது. பாக் காலத்தில் அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அவரிடம் பயின்ற அக்ரிகோலா எழுதிய குறிப்பின்படி, தனி வயலினுக்கு எழுதிய இந்தப் படைப்புகளைப் பாக் தாமே கிளாவிக்கார்டு என்ற பழைய கட்டை வாத்தியத்தில் அடிக்கடி வாசிப்பார். தேவை என்று தோன்றும் அளவுக்குச் சுரக்கோவைகளைச் சேர்த்தும் கொள்வார். மூன்றாவது பார்ட்டிடாவின் முகப்புப் பகுதியை அவரே ஆர்கனும் எக்காளங்களும் முழங்கும்படி மாற்றி, 1731இல் பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த ஒரு காண்டாட்டாவின் தொடக்கமாக வைத்தார். ஜி மைனர் சொனாட்டாவின் ஃபியூக், ஆர்கன் வடிவிலும் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கான வடிவிலும் நமக்குக் கிடைக்கிறது. வைமாரில் இருந்த காலத்தில் விவால்டியின் வயலின் கான்செர்ட்டோக்களை ஆர்கனுக்கும் பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்டுக்கும் அவர் மாற்றி எழுதியதும், பின்னாளில் நான்கு வயலின்களுக்கான விவால்டியின் கான்செர்ட்டோவை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு ஆக்கியதும் வரலாறு.

இனி டொக்காட்டாவுக்கு வருகிறேன். அன்று அந்த வகையில் இரண்டு உருப்படிகள் இருந்ததால், விமர்சகர் அதை வேகத்தின் மறுபெயராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். ரவேலுக்கு அது பொருந்தும். பாக்கின் பெயரில் வழங்கும் முதல் உருப்படிக்கு முழுவதும் பொருந்தாது. டொக்காட்டா தொடக்கத்தில் விரல்கள் வாத்தியத்தைத் தடவிப் பார்த்து, சுருதியை நிலைநாட்டி, மனம்போல் அலைந்து, பிறகு கட்டுக்கோப்புக்குள் வரும் வகையாகத்தான் இருந்தது. ரோமில் ஃப்ரெஸ்கோபால்டி 1615இல் வெளியிட்ட டொக்காட்டாத் தொகுப்பின் முன்னுரையில், தாளத்தைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்றும், பகுதிகளைத் தனித்தனியாக வாசிக்கலாம், விரும்பிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். எழுதியவரே இவ்வளவு சுதந்திரம் கொடுத்த ஒரு வகையை, பிந்தைய காலம் இயந்திரத் துல்லியத்தின் சின்னமாக மாற்றியது விந்தைதான். 1834இல் அச்சான ஷூமானின் சி மேஜர் டொக்காட்டாவில் இரு கைகளும் ஓய்வின்றி இரட்டைச் சுரங்களை அடுக்குகின்றன. 1912இல் புரோகோஃபியெவ் எழுதியது டி என்ற ஒற்றைச் சுரத்தை இரு கைகளும் மாறி மாறி அடிப்பதில் தொடங்குகிறது. நமக்கு இன்று டொக்காட்டா என்றதும் நினைவுக்கு வருவது இந்தப் பிந்தைய முகம்.

பாக் படைப்புப் பட்டியலில் 565ஆம் எண் கொண்ட அந்த டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும், மாற்றி எழுதுதல் என்ற பொருளில் இன்னொரு வேடிக்கையான வழக்கு. இதற்குப் பாக் கைப்பட எழுதிய பிரதி கிடையாது. நமக்கு வந்து சேர்ந்த பழைய பிரதி யோஹன்னஸ் ரிங்க் என்பவர் எழுதி வைத்தது. 1981இல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய இசையறிஞர், இது பாக்கினுடையதுதானா என்றும், ஆர்கனுக்கென்றே பிறந்ததா என்றும் இரண்டு கேள்விகளை எழுப்பினார். இரு கைகளும் ஒரே மெட்டை எட்டு இடைவெளியில் வெறுமனே இரட்டிக்கும் அந்தப் பிரசித்தமான தொடக்கம், பாக்கின் ஆர்கன் இசையில் வேறெங்கும் காணாத பாணி. ஃபியூகின் மெட்டோ, ஒரு சுரம் நகர, அடுத்தது அதே இடத்துச் சுரம், மீண்டும் ஒன்று நகர, மீண்டும் அதே இடத்துச் சுரம் என்று பின்னிப் பின்னிச் செல்கிறது. வயலினில் இது இரண்டு தந்திகளுக்கிடையே வில்லை ஆட்டினால் தானாக வரும் உத்தி. மாறாத சுரம் வெறுந்தந்தியில் நிற்கும், விரலுக்கு வேலையே இல்லை. சுருதியை ஏ மைனருக்கு உயர்த்தினால் முழுப் படைப்பும் வயலினுக்குள் அடங்கிவிடும் என்று அவர் காட்டினார். அதன்படி தனி வயலினில் வாசித்தவர்களும் இருக்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டு: பாக் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் வோல்ஃப் இதைப் பாக்கின் இளமைக்கால ஆக்கமாகவே கொள்கிறார், ஆர்ன்ஸ்டாட் தேவாலய ஆர்கனின் கைப்பலகைகளில் பதினாறடிக் குழாய் (ஓர் எட்டு கீழே ஒலிப்பது) இல்லாத குறையை ஈடுகட்டத்தான் தொடக்கம் இரட்டிக்கப்பட்டது என்பது அவர் விளக்கம்.

எனக்கு வோல்ஃபின் விளக்கம் தொடக்கத்துக்குச் சரியாகப் படுகிறது, ஃபியூகுக்குப் போதவில்லை. எது எப்படியிருந்தாலும், அன்று நாம் அரங்கில் கேட்டது, ஒருவேளை வயலினில் பிறந்து, ஆர்கனில் வளர்ந்து, புசோனியின் கையால் பியானோவுக்கு வந்து சேர்ந்த ஒரு படைப்பாக இருக்கலாம். அதே படைப்புக்குப் பியானோ கலைஞர் டவுசிக் எழுதிய பியானோ வடிவமும் உண்டு. இசை நடத்துநர் ஸ்டகோவ்ஸ்கியின் ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் 1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்தின் வழியாகத்தான் உலகம் முழுவதும் பரவியது. கைப்பேசியின் அழைப்பொலிவரை வந்துவிட்ட அந்த முதல் மூன்று சுரங்களுக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

ரவேலின் டொக்காட்டா இதற்கு மறுபக்கம். 1914 முதல் 1917 வரை எழுதிய 'லெ டோம்போ தெ கூப்பரான்' என்ற ஆறு உறுப்புத் தொகுப்பின் கடைசி உறுப்பு அது. ஒவ்வோர் உறுப்பையும் முதல் உலகப் போரில் மாண்ட நண்பர்களுக்குக் காணிக்கையாக்கிய ரவேல், டொக்காட்டாவைக் கேப்டன் ஜோசஃப் தெ மார்லியாவின் நினைவுக்கு அளித்தார். அந்தக் கேப்டனின் மனைவியான மார்கெரித் லோங்தான் 1919இல் முழுத் தொகுப்பையும் முதன்முதலில் மேடையேற்றியவர். அதே ஆண்டு ரவேல் இதிலிருந்து நான்கு உறுப்புகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். ஃபியூகையும் டொக்காட்டாவையும் மட்டும் விட்டுவிட்டார். மூன்றே ஆண்டுகள் கழித்து, முசோர்க்ஸ்கியின் பியானோப் படைப்பான 'கண்காட்சிச் சித்திரங்க'ளை ஆர்க்கெஸ்ட்ராவில் அமைத்துப் புகழ் பெற்றவர் அவர். அந்தக் கலையில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் தம் சொந்த டொக்காட்டாவை ஏன் தொடவில்லை?

என் ஊகம், அந்தப் படைப்பின் உயிர் பியானோவின் உள்ளே இருக்கும் ஒரு மரப் பொறியில் இருக்கிறது என்பதே. பழைய பியானோக்களில் ஒரு கட்டையை அழுத்தினால், அது முழுவதும் மேலெழுந்த பிறகுதான் சுத்தியல் மறுபடி தந்தியை அடிக்கும். செபாஸ்டியன் எரார் 1821இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், கட்டை பாதி எழுந்தாலே போதும், சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். ஒரே சுரத்தை மழைத்துளிபோல் தொடர்ந்து அடிக்க முடிவது அதனால்தான். ரவேலின் வீட்டிலிருந்ததும் எரார் பியானோதான். அவருடைய டொக்காட்டாவின் தொடக்கத்திலேயே மிக மெல்லிய ஒலியில், இரு கைகளும் ஒன்றன் மேல் ஒன்று புகுந்து, ஒரே சுரத்தைக் கொத்துகின்றன. சத்தமாக அடிப்பது எளிது. இவ்வளவு மென்மையாக, ஓர் அடிகூடத் தவறாமல், பாதி எழுந்த கட்டையின் மேல் விரல்களை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கடினம். வயலின் வரிசையிடம் இதைக் கொடுத்தால் வில்லை முன்னும் பின்னும் அசைத்து நொடியில் முடித்துவிடுவார்கள். கடினம் போய்விட்டால் டொக்காட்டாவில் மிஞ்சுவது என்ன?

வயலினுக்கென்றே டொக்காட்டா எழுத முடியாதா என்று கேட்கலாம். ஸ்டிராவின்ஸ்கி எழுதினார்: 1931இல் பெர்லினில் அரங்கேறிய அவருடைய வயலின் கான்செர்ட்டோவின் முதல் உறுப்பின் பெயரே டொக்காட்டா. அதை எழுதத் தொடங்கும் முன், பாரிஸ் உணவகம் ஒன்றில் ஒரு தாளில் மூன்று சுரங்களை எழுதி, இது வயலினில் பிடிக்க முடியுமா என்று வயலின் கலைஞர் சாமுவேல் டஷ்கினிடம் கேட்டாராம். இரண்டாவது சுரத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையே இருந்த பெரும் தூரத்தைப் பார்த்து டஷ்கின் முடியாது என்று சொல்லிவிட்டார்; வீட்டுக்குப் போய் வயலினை எடுத்துப் பார்த்தால், அந்த உயரத்தில் விரல்கள் எளிதாக விழுந்தன. உடனே தொலைபேசியில் சொன்னார். ஸ்டிராவின்ஸ்கி தம் கான்செர்ட்டோவுக்கான கடவுச்சீட்டு என்று அழைத்த அந்தச் சுரக்கோவையில்தான் நான்கு உறுப்புகளும் தொடங்குகின்றன. பியானோவில் அமர்ந்து இசையமைப்பவர், வயலின்காரரின் விரலிடம் அனுமதி கேட்டு எழுதிய டொக்காட்டா அது.

இதனால்தான், மாற்றி எழுதுபவரை வெறும் நகலெடுப்பவராகக் கருதுவது எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சிரமத்தைத் தக்கவைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்ற தீர்ப்பு அவருடையது. மூலத்தை எழுதியவரே செய்தாலும் அந்தத் தீர்ப்பு பிசகலாம். பேத்தோவன் தம் வயலின் கான்செர்ட்டோவை, லண்டன் பதிப்பாளர் கிளெமென்டியின் வேண்டுகோளுக்கிணங்க 1807இல் பியானோவுக்கு மாற்றினார். வயலின் வரி வலது கைக்குப் போக, இடது கை பல இடங்களில் ஒப்புக்குத் துணை நிற்கிறது. நீண்ட சுரங்களில் வில் தரும் உயிர்ப்பு, அடித்தவுடன் தேயும் பியானோ ஒலியில் இல்லை. அதில் முழு உயிரோடு இருப்பது அந்தப் பியானோ வடிவத்துக்கென்று பேத்தோவன் புதிதாக எழுதிய, டிம்பனி முரசும் உடன் முழங்கும் கடென்சா என்ற, கலைஞரின் தனித்திறன் காட்டும் பகுதிதான். வயலின் வடிவத்துக்கு அவர் கடென்சா எதுவும் எழுதி வைக்காததால், பிற்கால வயலின் கலைஞர்கள் சிலர் இதையே மீண்டும் வயலினுக்கு மாற்றி வாசிக்கிறார்கள்.

லிஸ்டின் 'லா காம்பனெல்லா'வும் அப்படியே. 1832இல் பாரிஸில் பகனினியைக் கேட்ட இளைஞர் லிஸ்ட், அந்த மணியோசையை வயலினில் இருந்தபடியே கொண்டுவர முயலவில்லை. வலது கை உச்சிச் சுரத்துக்கு இரண்டு எட்டுவரை எகிறிக் குதித்துத் திரும்பும்படி அமைத்து, குறி தவறினால் மானம் போகும் அந்தப் பதற்றத்தைப் பியானோவுக்குரியதாக்கினார். இன்று வாசிக்கப்படுவது 1851இல் அவர் திருத்தி வெளியிட்ட வடிவம். மெட்டு பகனினியுடையது, அன்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தாவல்கள் லிஸ்டுடையவை.

பெயர் விடுபடுவதால் என்ன வந்துவிடும் என்று தாங்கள் கேட்கலாம். விவால்டியின் டி மைனர் கான்செர்ட்டோ ஒன்றைப் பாக் ஆர்கனுக்கு மாற்றி எழுதிய கைப்பிரதியில், அவருடைய மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமான், இது தம் படைப்பு, தந்தை பிரதி எடுத்தது மட்டுமே என்று பின்னாளில் எழுதி வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் அது மகனின் பெயரிலேயே அச்சாகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அப்படியே நம்பப்பட்டது. விவால்டியும் போனார், பாக்கும் போனார். இதற்கு நேர்மாறாக, வயலின் மேதை ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர் தாம் சொந்தமாக எழுதியவற்றையே புன்யானி, கூப்பரான் போன்ற பழையவர்களிடமிருந்து எடுத்து அமைத்தவை என்று சொல்லிப் பல ஆண்டுகள் வாசித்து, 1935இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் சிலர் கொதித்தார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெயர்கள் அச்சில் இருந்தவரை, பெரிய பெரிய காதுகள்கூட அவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டு இசையாகவே கேட்டன என்பது கவனிக்க வேண்டியது.

நம் மேடைகளில் இந்த நேர்மை புதிதல்ல. ஆண்டாள் திருப்பாவையை மார்கழியில் பாடும்போது, இன்று வழங்கும் மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தது என்று ரசிகர்களுக்குத் தெரியும். தங்கள் நாளிதழின் சீசன் பக்கங்களும் அதைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அதே கவனத்தைத்தான் மேற்கத்திய இசைக்கும் கேட்கிறேன்.

இதற்குக் கூடுதல் இடம் தேவைப்படாது. அறிவிப்பில் 'பாக்–புசோனி: ஷாகோன்', 'பகனினி–லிஸ்ட்: லா காம்பனெல்லா' என்று இரு பெயர்களையும் ஒரு கோட்டால் இணைத்துப் போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். கச்சேரி நடத்துபவர்கள் அனுப்பும் குறிப்பிலேயே பெயர் இல்லையென்றால், கேட்டு வாங்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அன்று எந்த வடிவம் வாசிக்கப்பட்டது என்பது அரங்கில் தந்த தாளிலும் இல்லாததால், கச்சேரி முடிந்ததும் நான்கைந்து பேர் கலைஞரிடமே கேட்டோம், அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். விமர்சகரும் 'கோபுரம்' பற்றிய அந்த வாக்கியத்தில் புசோனியின் பெயரைச் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

வரும் மாதம் நடக்கவிருக்கும் கிதார் கச்சேரிக்கான தங்கள் அறிவிப்பிலும் 'பாக்: ஷாகோன்' என்று மட்டுமே இருக்கிறது. அது 1935இல் ஆந்திரேஸ் செகோவியா பாரிஸில் மேடையேற்றிய வடிவமா, வேறொருவர் அமைத்ததா, வாசிப்பவரே அமைத்துக்கொண்டதா என்பதை விசாரித்து, கச்சேரிக்கு முன்பாகவே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சென்னை.